நூற்றெழுபத்தொன்பது நாள்

இந்த ஊர் அலுவலகங்களில் வேலைக்குச் சேரும் முதல் நாள் காலையிலேயே நம் பெயர் எழுதிய பிளாஸ்டிக் பட்டை ஒன்றைக் கையில் தந்துவிடுகிறார்கள். நாம் உட்காரும் இடத்தைச் சுற்றி நெஞ்சுயரத்துக்குத் தடுப்பு நிற்கும். அதன் வெளிப்பக்கத்தில் இந்தப் பட்டைக்கென்றே ஒரு அலுமினியக் காடி உண்டு. ஆணி வேண்டாம், பசை வேண்டாம், செருகித் தள்ளினால் போதும். ஒஹாயோவில் ஒரு இன்சூரன்ஸ் கம்பெனியில் முதன்முதலாக என் பட்டையைச் செருகியபோது எனக்கு அது பெரிய மரியாதையாகத் தோன்றியது. வந்திறங்கி நான்கு நாள்கூட ஆகாதவனுக்குச் சுவரில் பெயர்! போட்டோ எடுத்து, கேரள எல்லையோரம் எங்கள் ஊரான பாறசாலைக்கு, அம்மாவுக்கு அனுப்பினேன். செருக இத்தனை சுலபமானது உருவவும் அத்தனை சுலபம் என்பது அப்போது புத்தியில் ஏறவில்லை.

என் மேலாளர் டேவ் நல்ல மனிதர். பட்டையைப் பார்த்துவிட்டு, "ஜஸ்டின் என்பது இங்கே வந்தபிறகு வைத்துக்கொண்ட பெயரா?" என்று கேட்டார். "இல்லை, என் தாத்தாவுக்கும் ஜஸ்டின் என்றுதான் பெயர்" என்றேன். "ஓ, அவரும் இங்கேதான் வேலை பார்த்தாரா?" என்றார் ஆவலாக. தாத்தா பக்கத்து ஊரான அமரவிளையைத் தாண்டி வடக்கே போனதே மூன்றோ நான்கோ முறைதான், அதுவும் ஆஸ்பத்திரிக்கு. எங்கள் பக்கத்துப் பழைய மிஷன் சர்ச்சுகளைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தால் மத்தியானச் சாப்பாடு போய்விடும். சிரித்து வைத்தேன்.

வேலை கோபால், கம்ப்யூட்டரின் பழைய மொழி. இப்போது அதைச் சொன்னால் புதிதாக வரும் பையன்கள் ஏதோ மியூசியத்தில் இருந்து வந்தவனைப் பார்ப்பதுபோலப் பார்க்கிறார்கள். நான் அதைப் படித்தது நெய்யாற்றின்கரை பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில், ஒரு ஜவுளிக்கடை மாடியில் இருந்த கம்ப்யூட்டர் சென்டரில். தொண்ணூறுகளின் தொடக்கம். நான்கு கம்ப்யூட்டர், ஒரு ஏசி. செருப்பை வெளியே கழற்றிப் போட்டுவிட்டு, ஏதோ கர்ப்பக்கிரகத்துக்குள் போவதுபோலப் போக வேண்டும். வாரத்தில் ஒரு மணிநேரம்தான் மெஷின். மற்ற நாளெல்லாம் கட்டம் போட்ட தாளில் பென்சிலால் புரோகிராம் எழுதுவோம். "இத மட்டும் படிச்சா போரும், சாவது வரைக்கும் கஞ்சி உண்டு" என்பார் சென்டர் நடத்தியவர். நம்பினேன். பொய்யும் இல்லை. அந்த பென்சில் எழுத்துதான் என்னைச் சென்னைக்குக் கொண்டுபோனது, பிறகு இங்கே கொண்டுவந்தது. இரண்டாயிரம் பிறந்தால் பழைய புரோகிராம்களுக்கு வருடம் தெரியாமல் போகும் என்று ஊரே நடுங்கிக்கொண்டிருந்த நேரம் அது. இரண்டு இலக்கத்தில் எழுதியிருந்த வருடத்தைத் தேடித் தேடி நான்கு இலக்கமாக்குவதுதான் என் வேலை. மூன்று வருடம் வேறொன்றும் செய்யவில்லை. நான் எவ்வளவு வேகமாக முடிக்கிறேனோ அவ்வளவு சீக்கிரம் எனக்கு வேலை இல்லாமல் போகும். அதை நினைத்து அலுத்துப்போவதற்குக்கூட நேரம் இல்லாமல் செய்துகொண்டிருந்தேன்.

என் அக்கா ஸ்டெல்லாவைப் பற்றிச் சொல்லவேண்டும். பட்டமும் டைப்ரைட்டிங்கும் முடித்தவள். கேரளத்தில் எம்ப்ளாய்மென்ட் எக்ஸ்சேஞ்சில் பெயர் பதிந்தால் சர்க்கார் ஆபீஸ்களில் தற்காலிக வேலைக்கு முறைப்படி கூப்பிடுவார்கள். நூற்றெழுபத்தொன்பது நாள். நூற்றெண்பது ஆனால் நிரந்தரம் கேட்டு நின்றுவிடுவார்களாம், அதனால் ஒரு நாள் முன்பே வீட்டுக்கு. அக்கா இப்படி ஒருமுறை பஞ்சாயத்து ஆபீசில், ஒருமுறை ஆஸ்பத்திரியில், ஒருமுறை ஏதோ ஒரு அரிசிக் கிட்டங்கியில் டைப் அடித்திருக்கிறாள். நடுவில் வருடக்கணக்காகத் தனுவச்சபுரத்தில் பாரலல் காலேஜ் என்கிற தனியார் டியூஷன் கல்லூரி ஒன்றில் பாடம் எடுப்பாள். "நூத்தி எழுபத்தொம்பது வந்தாச்சா?" என்று அவளைச் சீண்டுவதே எனக்குப் பொழுதுபோக்கு. அவளோ, நான் சென்னைக்குப் போன நாளில் இருந்தே மூன்று வருடத்துக்கொருமுறை என் எக்ஸ்சேஞ்ச் கார்டையும் தன் கார்டோடு கொண்டுபோய்ப் புதுக்கி வருவாள். புதுக்கவில்லையென்றால் பதிவு மூப்பு போய்விடும். "டாலர்ல சம்பளம் வாங்குறவனுக்கு என்னத்துக்கு இது?" என்று போனில் சிரிப்பேன்.

ஒருநாள் டேவிடம் இந்தக் கதையைச் சொன்னேன். "ஏன் நூற்றெண்பது இல்லை?" என்று கேட்டார். விளக்கினேன். அவர் முகம் சுருங்கியது. "ஒரு ஆளை அப்படி நடத்துவது சரியில்லையே" என்றார். மனதாரத்தான் சொன்னார். என் ஒப்பந்தம் ஆறு மாதத்துக்கொன்று என்பது எங்கள் இரண்டு பேருக்குமே அப்போது நினைவில் இல்லை.

போன பிப்ரவரியில் அந்தக் கம்பெனியின் கடைசி புரோகிராமும் நான்கு இலக்கத்துக்கு மாறியது. கேக் வெட்டினார்கள். மறுவாரம் டேவ் வந்து கைகுலுக்கி, காடியில் இருந்து என் பட்டையைத் தானே உருவி, "ஞாபகத்துக்கு" என்று தந்தார். என்னை வரவழைத்த ஏஜென்சி, அடுத்த இடம் கிடைக்கும்வரை நான் 'பெஞ்சில்' இருப்பதாகச் சொன்னது. பள்ளிக்கூடத்தில் பெஞ்சு மேல் ஏறி நின்றதுண்டு, அது இதைவிட மேல். "ஊருக்குப் போய் வா, கூப்பிடுகிறோம்" என்றார்கள். போனேன். அம்மாவிடம் லீவு என்று சொன்னேன். அம்மா அதை ஞாயிற்றுக்கிழமை சர்ச் முழுக்கச் சொல்லிவிட்டாள்.

ஆறாவது நாள் அக்கா வந்து, "எலே, இந்த மாசம் கார்டு புதுக்கணும். நீதான் வந்துட்டியே, நீயே வந்து புதுக்கு. அந்த கம்ப்யூட்டர் சர்ட்டிபிக்கட்டையும் எடு, அது இதுவரைக்கும் சேக்கல்ல" என்றாள். போகாமல் இருக்க ஒரு காரணமும் தோன்றவில்லை. நெய்யாற்றின்கரை பஸ்ஸில் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்தோம். அமரவிளை செக்போஸ்ட்டில் லாரிகள் வரிசை கட்டி நின்றதால் பஸ் நின்றுவிட்டது. அக்கா ஜன்னலுக்கு வெளியே பார்த்தபடியே கேட்டாள்.

"உனக்கும் நூத்தி எழுபத்தொம்பது முடிஞ்சுது, இல்லியா மக்கா?"

"யாரு சொன்னா?" என்றேன்.

"அஞ்சு நாளா காலம்பற எட்டு மணிக்கே குளிச்சு, சட்ட போட்டு, முன்வாசல்ல வந்து இருக்கிய. லீவுல வந்தவன் அப்படி இருக்கமாட்டான். முடிஞ்சு வந்த முதல் வாரம் நானும் அப்படியாக்கும் இருப்பேன்."

"அம்மைக்கிட்ட சொல்லாண்டாம்க்கா."

"நான் என்னத்துக்குச் சொல்லுதேன்? முதல் தடவதான் வெசனமா இருக்கும். பெறவு பழகிப்போவும்."

"பழகுமா?"

"இல்ல" என்றாள். "சும்மா சொன்னேன்."

அத்தனை வருடம் இவளைச் சீண்டியிருக்கிறேனே என்று வெட்கமாக இருந்தது. அதைச் சொல்லவும் தெரியவில்லை. பஸ் கிளம்பிவிட்டது.

எக்ஸ்சேஞ்சில் வரிசை வராந்தாவைத் தாண்டி வெயில்வரைக்கும் நின்றது. என் முறை வந்தபோது உள்ளே இருந்தவர் மலையாளத்தில், கார்டில் இருக்கும் படிப்புக்கு மேல் வேறு ஏதாவது யோக்யதை சேர்க்கவேண்டுமா என்று கேட்டார். "மூணு கொல்லம் அமெரிக்காவில் ஜோலி செய்து" என்று நானும் மலையாளத்திலேயே சொன்னேன். "சர்ட்டிபிக்கட் உண்டோ?" என்றார். யோசித்துப் பார்த்தேன். இல்லை. மூன்று வருடத்துக்குச் சாட்சியாக என்னிடம் இருந்தது ஒரு பிளாஸ்டிக் பட்டை. ஜவுளிக்கடை மாடியின் சர்ட்டிபிக்கட்டை நீட்டினேன். அவர் அதைக் கார்டில் மையால் நிதானமாக எழுதி, முத்திரை குத்தி, ஊதிக் காயவைத்துத் தந்தார். வீட்டுக்கு வந்ததும் அந்தப் பட்டையை அக்காவிடம் காட்டினேன். திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "கொள்ளாம், நல்ல கட்டியா இருக்கு" என்று, தான் சர்க்கார் வேலைக்காகப் படித்துக்கொண்டிருந்த பி.எஸ்.சி. பரீட்சைப் புத்தகத்தில் பக்கம் தெரிவதற்காக வைத்துக்கொண்டாள்.

இரண்டு மாதம் கழித்து ஏஜென்சி கூப்பிட்டது. இப்போது வேறொரு ஊர், வேறொரு கம்பெனி, வேறொரு பட்டை. கோபால் வேண்டாம், ஜாவா தெரியுமா என்றார்கள். தெரியும் என்றேன். தெரியாது. தலையணை தடிமனுக்கு ஒரு புத்தகம் வாங்கி, முப்பத்துநான்கு வயதில் முதலில் இருந்து படிக்கிறேன். இது முடிவதற்குள் இன்னொன்று வந்துவிடும் என்கிறார்கள். வரட்டும். ஊரில் என்னோடு படித்தவர்கள் கடையோ ஸ்கூலோ ஆட்டோவோ எதுவாயினும் ஒன்றைப் பிடித்துக்கொண்டு அதிலேயே மூப்பாகிறார்கள். நான் மட்டும் மூன்று வருடத்துக்கொருமுறை புதுமாப்பிள்ளைபோல உட்காரவேண்டியிருக்கிறது. களைப்பாக இருக்கிறது என்று யாரிடமாவது சொல்லத் தோன்றும். இங்கே சொன்னால் விடுமுறை எடு என்பார்கள்.

போன திங்கட்கிழமை காலை அலுவலகத்தில் இருந்து காலிங் கார்டில் அக்காவைக் கூப்பிட்டேன். அங்கே சாயங்காலம். குரலில் ஒரு சிரிப்பை அடக்கிக்கொண்டே பேசினாள்.

"எலே, உனக்கு எக்ஸ்சேஞ்சுல இருந்து கார்டு வந்திருக்கு. கம்ப்யூட்டர் ஆபரேட்டராக்கும். வியாழாச்ச இன்டர்வியூ. பக்கத்துலதான், நடந்தே போவலாம்."

"எத்தன நாளுக்கு?"

"வேற எத்தன?" என்றாள். பிறகு இரண்டு பேரும் சிரித்தோம். சிரித்து முடித்தபோது எதிரே சுவரில் என் ஒப்பந்தத் தாள் தொங்குவது கண்ணில் பட்டது. முடியும் தேதியைப் பார்த்தேன். எண்ணிப் பார்த்தால், என்னிடம் மிச்சம் இருப்பது நூற்றெழுபத்தொன்பதை விடக் குறைவு.

"நீ வரல்லன்னு எழுதிக் குடுக்கட்டா? இல்ல, ஒண்ணும் சொல்லாம விட்டுரட்டா?" என்று அக்கா கேட்டாள்.

தடுப்புக்கு வெளியே கையை நீட்டி என் பெயர்ப்பட்டையை ஒரு விரலால் தொட்டேன். சும்மா தொட்டதற்கே அரை அங்குலம் நகர்ந்தது.

"வியாழாச்சதானே?" என்றேன். "எழுதிக் குடுக்காண்டாம்க்கா. நாளைக்கி விளிச்சுச் சொல்லுதேன்."