தெய்வானை அக்கா போட்ட கையெழுத்து

இன்று காலை மாத்தளைக்குப் பக்கத்து அலுவிகாரையில் ஒரு கடையில் கராம்பு வாங்கினேன். கறிக்கு இல்லை, புத்தக அலுமாரிக்கு. பூச்சி வராது என்று யாரோ சொன்னதை நம்பித் தட்டுக்குத் தட்டு தூவி வைப்பேன். யாரும் கண்டுகொள்ளாத பெண் எழுத்தாளர்களின் புத்தகங்கள், அதுவும் அவர்களே கையெழுத்திட்டவைதான் எனக்கு வேண்டும். பைத்தியம் என்கிறார்கள் வீட்டில். சரியாகத்தான் சொல்கிறார்கள்.

அந்தப் பைத்தியம் பிடித்தது மாத்தளை அச்சகமொன்றில் நான் புரூப் பார்த்த நாட்களில். யட்டவத்தப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில், பிள்ளைக் காம்பராவில் கைக்குழந்தைகளைப் பார்த்துக்கொண்ட தெய்வானை அக்காவின் கதைப் புத்தகம் எங்களிடம் அச்சானது. படித்துச் சிரித்ததில் பிழை திருத்த மறந்து முதலாளியிடம் ஏச்சு வாங்கினேன். வெளியீட்டு விழாவில் முன்வரிசைப் பெரியவர்கள் எல்லோரும் சிறப்புப் பிரதி வாங்கி, பேசியும் முடித்தபோது அக்காவுக்கு மிஞ்சியது மூன்று நிமிடம். நான் நீட்டிய பிரதியை அவர் உள்ளே கொண்டுபோய்க் கையெழுத்தோடு கொண்டுவந்தார். எனக்குத் தலைகால் புரியவில்லை. பஸ்ஸில் முன்பின் தெரியாதவர்களிடமெல்லாம் காட்டினேன்.

அடுத்த வாரம் மீதிப் பிரதிகளை எடுக்க அவர் கணவர் சுப்பையா அண்ணன் வந்தார். எடுத்ததற்கு ரிஜிஸ்டரில் கையெழுத்து வைத்தார். என் பிரதியில் இருந்த அதே சுழி! அதே வால்!

ஞாயிற்றுக்கிழமை அவர்கள் இருந்த தோட்டத்து லயத்து வீட்டுக்கே போய்விட்டேன்.

"வீட்டுல எந்தக் காயிதம்னாலும் அவருதானே தங்கச்சி வைப்பாரு. எனக்குன்னு கையெழுத்தே கெடையாது," என்றார் அக்கா. "ஐடென்டிட்டி கார்டுக்குக்கூட, எழுதத் தெரியுமான்னு கேக்காமலே பெருவெரலப் புடிச்சு அமுக்கிட்டாங்க."

ஒரு புத்தகமே எழுதியவர்! எனக்குக் கோபமாக வந்தது. அண்ணனோ, "அதுக்கென்ன, இப்பப் போடு புள்ள," என்றார். என் பையிலிருந்த புரூப் தாள்களின் பின்பக்கத்தில் அக்கா பழகத் தொடங்கினார். அண்ணன் பக்கத்திலிருந்து தீர்ப்புச் சொன்னார்.

"இது டொக்டரு எழுதுன மருந்துத் துண்டு மாதிரி இருக்கு. இது கோழி கிண்டுனது."

மூவரும் வயிறு வலிக்கச் சிரித்தோம். கடைசியில் என் பிரதியில், கணவரின் கையெழுத்தின் மேலேயே தன் முழுப் பெயரையும் கொட்டை எழுத்தில் எழுதினார். மை காய ஊதினார். பிறகு, "அந்தக் கட்ட அவுத்துவிடுங்க," என்று மீதிப் பிரதிகளிலும் போட ஆரம்பித்தார். பேனா மை தீர்ந்தது. நான் மூன்று மணி பஸ்ஸை விட்டேன்.

அந்தக் கட்டுகள், ஒரு மாரியில் லயக் கூரை பறந்தபோது ஊறிக் கூழாகிவிட்டன. அக்காவும் அண்ணனும் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். அச்சகம் இருந்த இடத்தில் போன் கடை இருக்கிறது.

போன மாதம் அக்காவின் மகள் விசாரித்துக்கொண்டு வீட்டுக்கு வந்தாள்.

"அம்மா கையால எழுதுன பேரு எங்ககிட்ட ஒண்ணுகூட இல்லீங்க. ஒரு போட்டோ எடுத்துக்கிறேன்."

பக்கத்தைத் திறந்ததும் சிரித்துவிட்டாள். "அப்பாவ இப்படி மூடிட்டாங்களே!" சிரிப்பு அழுகையானது. யாருக்கும் இரவல்கூடக் கொடுக்காத நான், "புத்தகத்தையே எடுத்துட்டுப் போம்மா," என்றேன். பஸ் மறையும்வரை நின்றேன். சந்தோஷமாகத்தான் இருந்தது. வீட்டுக்குத் திரும்பிய பிறகுதான் உறைத்தது: நான் ஒரு போட்டோகூட எடுத்து வைக்கவில்லை.