கிடா வழியாகப் பேசிய வாரம்

இன்று முதுகுளத்தூர் பஸ்ஸில் பக்கத்தில் இருந்த பெண் போனில் யாரிடமோ சொல்லிக்கொண்டு வந்தாள்: "மதினிய பிளாக் பண்ணிட்டேன். இனிமே பேச்சே கெடையாது."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

1960களில் நானும் என் கணவரின் அண்ணன் மனைவியான ஓரகத்தி அக்காவும் இப்படித்தான் பேச்சை நிறுத்தினோம். காயப்போட்ட என் மிளகாய் வத்தலை அக்காவின் கோழிகள் கிளறிவிட்டன. சண்டை அவ்வளவுதான். ஆனால் ஒரே முற்றம், ஒரே கிணறு. பேசாமல் எப்படிக் காலம் தள்ளுவது?

முற்றத்தில் கோயிலுக்கு நேர்ந்துவிட்ட கிடா கட்டிக் கிடந்தது. அதனிடம் பேசினோம்.

"ஏ கிடா, சந்தைக்குப் போறவுக எனக்கும் உப்பு வாங்கியாரணும்னு சொல்லு."

"ஏ கிடா, தூக்கியார எனக்குத் தெம்பு இல்லன்னு சொல்லு."

அக்கா அப்படிச் சொன்னாரே தவிர, உப்பை வாங்கி வந்தார். கிடாவுக்கு முன்னால் வைத்துவிட்டுப் போனார். வீட்டுக்கு வந்த விருந்தாளிகள் எங்களை விட்டுவிட்டுக் கிடாவையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

ஒரு வாரம் இப்படிப் போனது. செவ்வாய்க்கிழமை கோயிலில் கிடா வெட்டு. அக்காதான் குழம்பு வைத்தார். சொந்தபந்தம் எல்லாம் சாப்பிட்டது.

மறுநாள் காலையில் இருவரும் முற்றத்துக்கு வந்தோம். முளைக்குச்சியில் கயிறு மட்டும் கிடந்தது. கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டு நின்றோம்.

அக்கா கேட்டார்: "ஏத்தா, நேத்துக் கொழம்புல உப்பு கூடிப்போச்சோ?"

"இல்லக்கா, சரியாத்தான் இருந்துச்சு."

கரித்தது என்பது வேறு விஷயம்.

இப்போது யார் வீட்டு முற்றத்திலும் கிடா இல்லை. கோபித்துக்கொண்டால் நீங்களெல்லாம் யாரிடம் சொல்லி உப்பு வாங்குகிறீர்கள்?