ஒரு சாண் குறையும் திரை

அலுவலகங்களில் அவளுக்குப் 'பிரிண்டர் டாக்டர்' என்றே பெயர். காகிதம் சிக்கினாலும் மை கசிந்தாலும் பையைத் தூக்கிக்கொண்டு வந்து நிற்பாள். கெட்டிக்காரி என்பதில் யாருக்கும் சந்தேகமில்லை. அவளுக்குக் கொஞ்சமும் இல்லை. வம்பே அதனால் வந்ததுதான்.

அவளுடைய அண்ணன் மூன்று வருடமாகப் படுக்கையில் இருந்தான். விபத்துக்குப் பிறகு அவனுடைய வலது கட்டைவிரல் மட்டும்தான் சொன்ன பேச்சைக் கேட்கும். ஒருநாள் தங்கையிடம் ரகசியமாகச் சொன்னான்.

"காலையில உங்க அண்ணி இந்தச் சன்னலுக்கு எதிர்லதான் பஸ் ஏறுறா. அதைப் பார்க்கணும்னு ஆசையா இருக்கு. நான் தூங்குறேன்னு நெனச்சுத் திரையை மூடிட்டே போயிடறா."

"அண்ணிகிட்டயே சொல்ல வேண்டியதுதானே?"

"சொன்னா தினமும் இந்தப் பக்கம் திரும்பிப் பார்த்துட்டே பஸ்ஸை விட்டுடுவா."

பழைய பிரிண்டரிலிருந்து ஒரு ஸ்டெப்பர் மோட்டாரைக் கழற்றி வந்தாள். குழந்தை அடி வைப்பதுபோல் துளித்துளியாகச் சுற்றும், இத்தனை அடி என்று சொன்னால் எண்ணி அத்தனை அடி மட்டும் வைத்து நிற்கும் மோட்டார் அது. அதற்குக் கட்டளையிடச் சின்ன மைக்ரோகன்ட்ரோலர் பலகை ஒன்றை வைத்து நிரல் எழுதினாள். கட்டைவிரலுக்கடியில் பொத்தான். அழுத்தினால் அப்படி இரண்டாயிரத்து நானூறு குட்டி அடி வைத்துத் திரை திறக்கும், மறுபடி அழுத்தினால் மூடும். சுவரில் முட்டக்கூடாதே என்று மூடும் பக்கம் ஒரு சாண் இடைவெளி விட்டாள். நின்றதும் மோட்டார் சூடாகாமல் இருக்க மின்சாரத்தையும் துண்டித்துவிடச் செய்தாள்.

மேசையில் இருநூறு தடவை ஓடியும் பிசகவில்லை. சன்னலில் மாட்டிய மறுநாளே திரை ஒரு சாண் குறைவாகத் திறந்து நின்றது. பார்த்துப் பார்த்து அந்த ஒரு சாண்தான் பஸ் நிறுத்தத்தை மறைத்தது.

வேகத்தைக் குறைத்தாள். மெல்லக் கிளம்பி மெல்ல நிற்க வைத்தாள். ஒயர்களை மாற்றினாள். கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு நிரலை வரிவரியாகப் படித்தாள். தினமும் மாலையில் சரிசெய்துவிட்டுப் போவாள், காலையில் அதே ஒரு சாண் குறையும். மண்டை காய்ந்தது. ஐந்தாம் நாள் அண்ணன், "பரவாயில்ல, விடும்மா" என்றான். திட்டியிருந்தால்கூட அவளுக்கு இவ்வளவு வலித்திருக்காது.

அன்று லேப்டாப்போடு கட்டில் அருகிலேயே உட்கார்ந்துவிட்டாள். விளக்கு வைக்கும் நேரத்தில் அண்ணி வந்தாள், துவைத்த துணியை மடித்து வைத்தாள், போகிற போக்கில் திரையைப் பிடித்துச் சுவர்வரை இழுத்துவிட்டாள்.

"அண்ணி! என்ன பண்றீங்க?"

"உன் மெஷின் ஒரு சாண் விட்டுத்தானே மூடுது? விடிஞ்சதும் வெயில் இவர் கண்ணுல அடிக்காதா? தினமும் நான்தான் இழுத்து விடுறேன். சொன்னா உனக்கு மனசு கஷ்டமாயிருக்குமேன்னு சொல்லல."

பிரிண்டர் டாக்டர் குனிந்து மோட்டாரைப் பார்த்தாள். மின்சாரமில்லாத மோட்டார் அண்ணியின் கையோடு சமர்த்தாகப் போயிருக்கிறது. அது நிரலுக்கு எப்படித் தெரியும்? ஒரு சாண் பின்னாலிருந்து கிளம்புவது தெரியாமல் பழைய கணக்கிலேயே எண்ணித் திறந்திருக்கிறது. எந்தப் பிரிண்டரும் சுவிட்ச் போட்டதும் முதலில் அச்சடிக்கும் தலையை ஓரத்துக்குக் கொண்டுபோய் இடித்துப் பார்த்துவிட்டுத்தான் வேலையைத் தொடங்கும். விட்ட இடத்தில்தான் இருக்கிறோம் என்று நம்பாது. தினமும் அதைப் பார்த்துக்கொண்டே இதை மறந்திருந்தாள். தலையில் அடித்துக்கொண்டாள்.

சுவரோரம் சின்னதாக ஒரு சுவிட்ச் வைத்தாள். அந்த ஒரு சாணுக்கான அடிகளையும் கணக்கில் சேர்த்தாள். இனி திரை முதலில் சுவிட்சைத் தொடும், பிறகே எண்ணத் தொடங்கும். மூடும்போதும் சுவர்வரை போகும். அண்ணிக்கு இழுக்கிற வேலையும் மிச்சம்.

அன்றிரவு அங்கேயே தங்கினாள். காலையில் அண்ணன் பொத்தானை அழுத்தினான். திரை முழுசாகத் திறந்தது. எதிரே அண்ணி, தோளில் பையோடு, பஸ் வரும் திசையைப் பார்த்து நின்றாள். அண்ணன் வைத்த கண் வாங்காமல் பார்த்தான். பார்த்தால் மட்டும் போதும் என்றவனுக்கு அது போதவில்லை. மறுபடி அழுத்தினான். திரை கொஞ்சம் மூடியது. ஓடும்போதே இன்னொரு அழுத்து, திரும்பித் திறந்தது. பாதி வழியில் திரை திரும்பும் என்று நிரல் எழுதிய தங்கையே யோசித்துப் பார்த்ததில்லை. இப்படியும் அப்படியுமாகத் திரை ஆடியது.

தெருவில் அண்ணி நிமிர்ந்தாள். ஆடுகிற திரையைக் கண்டாள். பிறகு கையைத் தூக்கி ஆட்டினாள், ஆட்டிக்கொண்டே இருந்தாள். பஸ் வந்து நின்றது, போயும் விட்டது.

"சொன்னேன்ல, பஸ்ஸை விடுவான்னு" என்றான் அண்ணன். கண்ணைத் துடைத்துவிடச் சொல்லித் தங்கையைப் பார்த்தான்.