மாமாவின் பாஸ், அப்பாவின் நெஞ்சு

அப்பாவின் எக்ஸ்ரே ஃபிலிமை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தபோதுதான் எனக்குப் பட்டது: இது காசநோய்த் தழும்பு இல்லை.

ஸ்கேன் சென்டர் தாளில் 'பழைய காசநோயின் அடையாளம்' என்றிருந்தது. அன்றிலிருந்து அப்பா தன் டம்ளரைத் தனியாக வைத்துக்கொண்டார். நான் எக்ஸ்ரே டெக்னீஷியன் படிப்பில் இரண்டாம் வருடம். காசநோய்த் தழும்பு பெரும்பாலும் நுரையீரலின் மேல்பகுதியில்தான் இருக்கும். அப்பாவுக்கு மேலே சுத்தம். கீழே, உதரவிதானத்தின் மேல், இரண்டு பக்கமும் சுண்ணாம்பு இழுத்த மாதிரி வெள்ளைக் கோடுகள். முன்னொரு காலத்தில் ஆஸ்பெஸ்டாஸ் தூசியைச் சுவாசித்தவர்களுக்கு இப்படித் தெரியும் என்று வகுப்பில் காட்டியிருந்தார்கள்.

ஓடிப்போய்க் கேட்டேன். அப்பா கீரை ஆய்ந்துகொண்டிருந்தார்.

"ஆஸ்பெஸ்டாஸ்னா கூரை ஷீட்டு. நம்ம வூடு ஓடுதானே" என்றார்.

விடாமல் கேட்டதில், கல்யாணமான புதிதில் கான்ட்ராக்டில் ஒரு ஃபாக்டரிக்குப் போய் நீராவிக் குழாய்களுக்கு வெள்ளைக் கயிறு சுற்றியது வெளியே வந்தது. அந்தக் கயிறே ஆஸ்பெஸ்டாஸ்தான். பழைய கயிற்றைத் தட்டி உதிர்த்தால் தூசியில் பக்கத்து ஆள் தெரியாதாம். மூக்கில் துண்டுதான்.

"டாக்டர்கிட்ட ஏம்ப்பா சொல்லல?"

"நான் எங்க வேல செஞ்சேன்? உன் மாமா இல்ல செஞ்சாரு."

அம்மாவின் அண்ணனுக்குக் கால் முறிந்திருந்த சமயம். இடம் போய்விடக் கூடாதென்று அவருடைய கேட் பாஸில் அப்பா உள்ளே போனார். கான்ட்ராக்ட் ஆட்களுக்கு அது சகஜம். கால் சரியான பிறகும் மாமா பண்ருட்டியில் பலாப்பழ வியாபாரத்திலேயே இருந்துவிட்டார். ஃபாக்டரி ஏட்டில் ஆறு வருடம் அப்பாதான் மாமா. அந்த ஆறு வருடத்தைக் காட்டித்தான் மாமா பர்மனென்ட் ஆனார், குவார்ட்டர்ஸில் குடியிருந்தார், இப்போது பென்ஷனில் இருக்கிறார்.

"இத்த சொல்லிகினு திரிஞ்சா அவரு பென்ஷனுக்கு வெனதான். நான் டீபிக்காரனாவே இருந்துட்டுப் போறேன்."

வாதாடி அலுத்துவிட்டது. கோடுகளால் பெரிய கேடில்லை. அதே தூசி நுரையீரலை வேறு என்ன செய்திருக்கிறது என்று பார்க்க வேண்டும். தாளில் காசநோய் என்றிருக்கும்வரை அதை யார் தேடுவார்கள்? இரண்டு ஆஸ்பத்திரி, நாலு பஸ் ஆகிவிட்டது. அப்பா படி ஏறினாலே நின்று மூச்சு வாங்குகிறார்.

நேற்று பஸ்ஸில்தான் உறைத்தது. டாக்டருக்கு என்ன வேலை என்று தெரிந்தால் போதும். யாருடைய பாஸ் என்று அவர் ஏன் கேட்கப்போகிறார்?

வீட்டுக்கு வந்ததும் ஒரு சீட்டில் எழுதினேன்: குழாய்க்கு வெள்ளைக் கயிறு சுற்றும் வேலை, ஆறு வருடம். அப்பா இரண்டு முறை படித்தார். மாமா பெயர் இல்லை என்று தெரிந்ததும் மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

நாளைக் காலை நெஞ்சு டாக்டரிடம் மறுபடி வரிசையில் நிற்கப்போகிறோம். அப்பா அந்தச் சீட்டை எடுத்து நீட்டாவிட்டால், நானே வாயைத் திறப்பேன்.