உம்மாவின் ஆமி மருமகன்

தங்கச்சியின் மாப்பிள்ளை லீவில் வந்து வாசலில் இறங்கிய அந்தப் பின்னேரம் இன்னும் கண்ணுக்குள் நிற்கிறது. ஆமிச் சட்டையின் வயிற்றுப் பொத்தான்கள் எந்த நேரமும் தெறிக்கலாம் என்று இழுபட்டுக் கிடந்தன. எனக்குச் சிரிப்பு வந்தது, கூடவே எரிச்சலும். அந்த வயிறு முழுக்க எங்கள் உம்மாவின் சமையல் அல்லவா.

எங்கள் கல்முனைப் பக்கம் வீடு பெண்பிள்ளைக்குத்தான். கல்யாணம் முடிந்த கையோடு நான் பெண்டாட்டி வீட்டுக்குப் போனேன். மச்சான் என் உம்மா வீட்டுக்கு வந்தார். நான் போனால் ஒரு பிளேன்டீ கிடைக்கும். அவர் வந்தால் விடியவே கோழி அறுபடும், வட்டிலப்பம் அவியும். "தின்னுங்க மகன், அங்க என்னத்தக் கண்டீங்க" என்று உம்மா பக்கத்தில் நின்று பரிமாறுவா. என்னைப் பெற்றவ அவரை மகன் என்று கூப்பிடும்போது நான் பிளேன்டீயை ஒரே மடக்கில் குடித்துவிட்டு எழும்பிவிடுவேன். மாமி போட்ட சோற்றை மருமகன் மிச்சம் வைத்தால் அது பெரிய மனவருத்தமாகிவிடும். அதனால் அவரும் வழித்துத் தின்பார். இராணுவ முகாமிலோ ஸ்டோரில் கதிரையில் உட்கார்ந்தபடி கணக்கெழுதுகிற வேலை.

அந்த முறை என்னை முற்றத்துக்குக் கூட்டிப்போய்க் குரலைத் தாழ்த்தினார். எடை கூடி, உடற்சோதனையில் தவறிவிட்டாராம். அவரோடு கதிரையில் இருக்கிற பலபேருக்கும் இதே கதைதானாம். அடுத்த தடவையும் தவறினால் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள், பென்ஷனும் இல்லை.

"மாமிக்கிட்ட வேணாமெண்டு நான் எப்பிடி மச்சான் சொல்லுற? நீங்கதான் கதைக்கணும்."

எனக்கு உள்ளுக்குள் சந்தோசம். இனி அந்தக் கவனிப்பு ஓயும் என்று நினைத்துப் போய்ச் சொன்னேன். மறுநாள் பார்த்தால் குசினியில் அவருக்கென்று குரக்கன் பிட்டு, முருங்கையிலைக் கறி, சீனி போடாத தேத்தண்ணி. முழங்கால் வலி என்று என் வீட்டுப் பக்கமே வராத மனுசி, விடியவே சுபஹு தொழுத கையோடு அவரைக் கடற்கரைக்குக் கூட்டிப்போய் நடக்க வைத்தா. ஆமிக்கே பயிற்சி கொடுக்கிறாவோ என்று பக்கத்து வீட்டுப் பெண்கள் பகிடி பண்ணினார்கள். லீவு முடிந்து அவர் போன பிறகும் விடிந்தால் போன்தான். "நடந்தீங்களா மகன்?"

சோதனை நாளன்று பின்னேரம் உம்மா வீட்டுக்குப் போனேன். உம்மா நோன்பு பிடித்திருந்தா, மருமகனுடைய எடைக்காக. மஃரிபு பாங்கு கேட்டு, நோன்பு திறக்க ஈச்சம்பழத்தை வாய்க்குக் கொண்டுபோகையில் போன் அடித்தது. பழத்தைப் போட்டுவிட்டு ஓடினா. பாஸாம். முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு வந்து உட்கார்ந்தா.

எனக்கு அடக்க முடியவில்லை. எனக்காக எப்பவாவது நோன்பு பிடித்தீங்களா என்று கேட்டுவிட்டேன்.

"உனக்கென்ன மகன், நீ மெலிவுதானே" என்றா.

மச்சான் இப்போது பென்ஷனோடு வீட்டில் இருக்கிறார். இன்றும் விடியற்காலையில் மாமியும் மருமகனும் கடற்கரையில் கதைத்துக்கொண்டு நடக்கிறார்கள். நானோ பெண்டாட்டி வீட்டில் இரண்டாம் தடவையும் சோறு போடச் சொல்லித் தின்கிறேன். எவ்வளவு தின்றும் என் உடம்பில் ஒட்டுவதில்லை.