நிலா பேங்க்கில் நடந்த கொள்ளை

மேலகரத்தில் சுவர் விளம்பரம் எழுதிக்கொண்டிருந்த மணிமுத்து, கம்ப்யூட்டரில் வரைவதைத் தானே கற்றுக்கொண்டவன். ஜப்பான் அனிமே கார்ட்டூன் படம் ஒன்றுக்குப் பின்னணி வரையும் வேலை ஒரு கம்பெனி மூலம் கிடைத்தது. நிலாவில் இருக்கும் ஒரு பேங்க்கின் பெட்டக அறை. கதையைச் சொல்ல மாட்டார்கள். அளவும் மாதிரிப் படமும் மட்டும் வரும். நானூறு லாக்கர் கதவுகளை நான்கு மாதம் வரைந்தான். ஒவ்வொன்றிலும் சாவி உரசிய கீறல்கூட இருந்தது.

பாவூர்சத்திரத்தில் காய்கறிக் கடை வைத்திருக்கும் மாமனார் சுடலைமணிக்கு இது வேலையாகவே படவில்லை. "கடைக்கு வந்து உக்காருங்க மாப்பிள்ளை" என்று நச்சரித்தார்.

"படம் வரட்டும் மாமா. பாத்துட்டுச் சொல்லுங்க."

படம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் வந்தது. குடும்பமே டிவி முன்னால் உட்கார்ந்தது. ஒன்பது கொள்ளைக்காரர்கள் வருஷக்கணக்காகத் திட்டம் போட்டு, நிலா முழுவதும் மின்சாரத்தை நிறுத்திவிட்டுப் பெட்டக அறைக்குள் நுழைந்தார்கள். திரை கறுத்துப்போனது. டார்ச் வெளிச்சம் அவர்கள் முகங்களில் மட்டுமே விழுந்தது. கொள்ளை முடிந்து அவர்கள் தப்பிக்கும்வரை விளக்கு எரியவில்லை.

"உங்க பேங்க் எங்கன மாப்பிள்ளை?"

"அதுக்குள்ளதான் மாமா நிக்காங்க."

"நாலு மாசமா இருட்டையா வரைஞ்சீய?"

மனைவி ஜெயபிரியா சிரித்துவிட்டாள். மணிமுத்து ரிமோட்டை எடுத்து அந்தக் காட்சியை மறுபடி ஓடவிட்டு, வெளிச்சத்தை முழுக்கக் கூட்டினான். கறுப்பு சாம்பல் நிறமானது. ஒரு கதவுகூடத் தெரியவில்லை.

"கடைக்கு எத்தன மணிக்கு வரணும் மாமா?"

"விடியக்காலை நாலு மணிக்கு லோடு இறங்கிரும். வரும்போது ஒரு டார்ச் கொண்டாங்க."