பிரிக்காத பொட்டாசு மூட்டை

எங்கள் அக்கா கர்த்தருக்குள் நித்திரையடைந்து ஓர் ஆண்டு நிறைகிற இந்நாளில், வந்திருக்கும் சொந்தபந்தங்களுக்கும் சபையாருக்கும் வணக்கம். ஏழாம் வகுப்போடு படிப்பை விட்டவன் நான். எழுத்தில் பிழை இருந்தால் பொறுத்துக்கொள்வீர்கள். எழுதப்போகும் காரியத்தைப் பொறுப்பீர்களா என்றுதான் பயமாக இருக்கிறது.

அக்கா பிறந்தது தனுவச்சபுரத்துக்குப் பக்கத்தில். அம்மா சீக்கிரம் போய்விட்டதால் என்னை வளர்த்தது அக்காதான். கூலிக்கு மண் வெட்டிய அவர்கள், பிறகு ஒரு வயலைப் பாட்டக் குத்தகைக்கு எடுத்து மரச்சீனி என்கிற மரவள்ளி நட்டார்கள். அந்தக் கிழங்கு வெந்தால் மாவாக உடையும். பிடுங்கி முடிந்ததும், நடுவதற்கு அந்தச் செடியின் கம்பு கேட்டு ஊரே வரும். அக்கா ஒருவரையும் வெறுங்கையோடு அனுப்பியதில்லை. அவர்களுக்கு இருந்த ஒரே பெருமை அது.

அதைக் கெடுத்தவன் நான்.

ஒரு வருடம், நட்ட கொஞ்ச நாளில், மூட்டு வலியால் அக்கா நெய்யாற்றின்கரையில் ஆசுபத்திரியில் கிடந்தார்கள். கஞ்சி கொண்டுபோன என்னிடம் சொன்னார்கள்:

"எலே, கொத்தி மண் அணைக்கும்போ யூரியாவும் பொட்டாசும் சமமா கலந்து போடணும். யூரியா இலைக்கு, பொட்டாசு கிழங்குக்கு. மறந்திராத."

நான் மறக்கவில்லை. பயந்தேன். பக்கத்து வயலில் இலை கறுகறுவென்று நிற்க, எங்களுடையது வெளுத்திருந்தது. பொட்டாசு சிவந்த உப்பு மாதிரி இருந்தது. வேரை எரித்துவிட்டால் அக்கா முகத்தில் எப்படி முழிப்பது? யூரியாவை மட்டும் இரண்டு பங்காகப் போட்டேன். பொட்டாசு மூட்டையைப் பிரிக்காமலே ஆட்டுக்கொட்டிலுக்குப் பின்னால் ஓலை போட்டு மூடினேன்.

அடுத்து கஞ்சி கொண்டுபோனபோது அக்கா கேட்டார்கள்: "பொட்டாசு போட்டியா மக்கா?"

"போட்டாச்சுக்கா."

செடி ஆளுயரத்துக்கு மேல் போனது. வழியில் போகிறவர்கள் நின்று பார்த்தார்கள். நானும் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நடந்தேன்.

ஆசுபத்திரியிலிருந்து திரும்பியிருந்த அக்கா, முதல் பிடுங்கலை வழக்கம்போல் கோயிலுக்குக் கொடுத்தார்கள். ஆராதனை முடிந்து எல்லோருக்கும் மரச்சீனியும் பொழியூர் மீன்கறியும். வாயில் வைத்தவர்கள் கீழே வைத்தார்கள். ஒரே கைப்பு.

"இது மரச்சீனியா, வேப்பங்கொட்டையா? எனக்கு மீனு மட்டும் போதும்" என்றார் ஒருவர். எல்லோரும் சிரித்தார்கள்.

"அக்காக்க கம்பு கெட்டுப்போச்சு ஆக்கும்" என்றார் இன்னொருவர்.

அக்கா தூணைப் பிடித்து எழுந்தார்கள். "கம்பு ஒண்ணும் கெடல்ல. பொட்டாசு போடச் சொல்ல நான் மறந்துட்டேன். எனக்க பிழை, பொறுக்கணும்."

மீன்கறி வாளியோடு நான் பக்கத்தில்தான் நின்றேன். அடுத்த ஆளுக்குக் கறி ஊற்றப் போனேன்.

அந்த வருடம் கம்பு கேட்டு ஒருவரும் வரவில்லை. தனக்கு வேண்டியதை நட்டுவிட்டு, பலாமரத்தடியில் காய்ந்த மிச்சக் கம்பை அக்கா அடுப்பில் வைத்தார்கள். அடுத்த வருடம் பொட்டாசு போட்டுக் கிழங்கு பழையபடி ருசியானது. ஆனாலும் கம்பு கேட்டு வந்தவர்கள் திரும்பி வரவில்லை. நானும் உண்மையைச் சொல்லவில்லை. இன்றைக்குச் சொல்லலாம், நாளைக்குச் சொல்லலாம் என்று வருடங்கள் போயின.

கடைசி நாட்களில் ஒரு மத்தியானம் அக்கா என்னைப் பக்கத்தில் கூப்பிட்டார்கள்.

"எலே, ஆட்டுக்கொட்டிலுக்குப் பொறத்த உள்ள மூட்டை கல்லாயிருக்கும். ஒடச்சுப் போடு. வீணாக்காத."

 "அக்கா, எப்பம் கண்டீங்க?"

"ஆசுபத்திரியில இருந்து வந்த அண்ணைக்கே. பேடிக்காத, பயப்பட ஒண்ணுமில்ல, போ. கஞ்சி எடு."

இந்த வருடம் அந்த மூட்டையைச் சுத்தியலால் உடைத்து, யூரியாவோடு சமமாகக் கலந்து போட்டேன். இன்றைக்கு நீங்கள் சாப்பிடப் போவது அந்தக் கிழங்குதான்.

அக்கா படுத்திருந்தபோது மாறி மாறித் துணையிருந்த அண்டை வீட்டுப் பெண்களுக்கும், வீடு வந்து ஜெபித்த சபையாருக்கும், கடைசிப் பயணத்தில் தோள் கொடுத்தவர்களுக்கும் நன்றி சொல்கிறேன். அக்கா உங்களிடம் கேட்ட மன்னிப்பு, நான் கேட்டிருக்க வேண்டியது. இப்போது கேட்கிறேன்.

பலாமரத்தடியில் கம்பு கட்டிச் சாய்த்து வைத்திருக்கிறேன். அக்காவுடைய அதே கம்புதான். போகும்போது ஆளுக்கொரு கட்டு எடுத்துக்கொண்டு போங்கள்.